பரணில் இருக்கும் தட்டுகள்

ஸ்கார்பரோ, டொராண்டோ
தை 14

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதிக்கொண்டது. நான் இங்கே நலம். நீயும் உன் வீட்டிலும் பிள்ளைகளும் நலமாக இருக்க சூரியனார்கோயில் தெய்வம் துணை நிற்க வேண்டும்.

உன் கடிதம் வந்து பதினெட்டு நாள் ஆகிறது. போனில் சொல்ல முடியாததை எழுத்தில் எழுதியிருக்கிறாய் என்று படித்ததுமே தெரிந்தது. மூன்று முறை பதில் எழுத உட்கார்ந்து மூன்றையும் கிழித்துப் போட்டேன். இடையில் இரண்டு ஞாயிறு பேசினோம். கடிதம் கிடைத்ததா என்று நீ கேட்கவில்லை, கிடைத்தது என்று நானும் சொல்லவில்லை. ஆடியிலிருந்தே நான் உனக்கு ஒரு வரி எழுதவில்லை. தப்பு என்னுடையது. மனசில் வைத்துக்கொள்ளாதே.

குளிர் இந்த வருஷம் கொஞ்சம் கூட. நேற்றுக் காலை மைனஸ் 19. பஸ்ஸுக்கு நிற்கும்போது விடும் மூச்சு கண் இமையில் உறைந்து ஒட்டிக்கொள்கிறது. வீட்டுக்குள் வந்துவிட்டால் ஒரு குறையும் இல்லை. புரட்டாசியில் இடம் மாறினேன் என்று சொன்னேன் அல்லவா, யாழ்ப்பாணத்து வாத்தியார் வீட்டுக் கீழ்த்தளம். வீட்டைச் சூடாக்கும் எந்திரம் என் அறைக்குப் பக்கத்திலேயே இருப்பதால் ராத்திரி கணகணப்பாக இருக்கிறது. தரை சிமென்ட் தரை. இசைத்தட்டு கேட்கிறவனுக்கு அதைவிட நல்ல தரை இல்லை. பழைய வீட்டு மரத்தளத்தில் யாராவது நடந்தாலே ஊசி குதிக்கும், இங்கே அந்தத் தொல்லை கிடையாது. பெரிய ஸ்பீக்கர் இரண்டையும் ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன், இந்த அறைக்கு அவை அதிகம். சின்னது இரண்டு போதும். ராத்திரியில் ஹெட்போன்.

சாப்பாட்டுக்கு நீ கவலைப்பட வேண்டாம். வெள்ளிக்கிழமை தோறும் வாத்தியார் வீட்டம்மா இடியப்பமும் சொதியும் கொடுத்தனுப்புவார். மற்ற நாளில் நானே ஒரு தடவை வடித்து இரண்டு நாள் வைத்துக்கொள்கிறேன். பொங்கலுக்கு வெல்லம், பச்சரிசி, மஞ்சள் கொத்து எல்லாம் தமிழ்க் கடையில் கிடைத்தது. கரும்பைச் சாண் சாணாக நறுக்கி பிளாஸ்டிக்கில் சுற்றி வைத்திருந்தார்கள். ஒரு துண்டு வாங்கி வந்து பானைக்குப் பக்கத்தில் வைத்தேன். சனி ஞாயிறில் ஒரு கடையில் நின்று சாமான் அடுக்கிக் கொடுக்கிறேன். நாலு பேரைப் பார்த்த மாதிரியும் ஆகிறது.

பக்கத்து வீட்டு இத்தாலிக்காரரைப் பற்றி இன்னும் கொஞ்சம் எழுத வேண்டும். 84 வயசு. சம்சாரம் போய்ப் பல வருஷம். அதிகம் பேச மாட்டார். ஐப்பசி கடைசியில் ஒரு நாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கையைக் காட்டிக் கூப்பிட்டார். போனேன். அவர் தோட்டத்தில் ஒரு சீமை அத்தி மரம், ஆள் உயரம். கிளைகளையெல்லாம் கயிற்றால் இழுத்துக் கட்டியிருந்தார். பக்கத்தில் ஒரு நீளக் குழி. மரத்தின் ஒரு பக்க வேரை வெட்டிவிட்டு அப்படியே சாய்த்து, பிள்ளையைப் படுக்க வைக்கிற மாதிரி குழியில் படுக்க வைத்து, மேலே பலகை போட்டு, சருகு போட்டு, மண் போட்டு மூடிவிட்டார். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஊர் மரம் இந்தக் குளிரைத் தாங்காதாம். பனி போனதும் சித்திரையில் தோண்டி நிமிர்த்தி வைப்பாராம். இங்கே இருக்கும் பழைய இத்தாலிக்காரர்கள் பலர் இப்படிச் செய்கிறார்கள் என்று வாத்தியார் சொன்னார். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மண் தள்ளி முடித்ததும் காப்பி குடிக்க உள்ளே அழைத்துப் போனார். கூடத்தில் ஒரு நீள மரப்பெட்டி, மேலே துணி விரித்துப் படங்கள் வைத்திருந்தார். பார்த்தவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது, கிளேர்டோன். 1958-ல் இதே டொராண்டோவில் இரண்டு இளைஞர்கள் தொடங்கிய கம்பெனி. மேஜை மாதிரி அழகான பெட்டிக்குள் ரேடியோ, தட்டு, ஸ்டீரியோ எல்லாம் வைத்துச் செய்தார்கள். பத்துப் பதினைந்து வருஷத்தில் மூடிப் போயிற்று. அவர் சம்சாரம் தையல் வேலை செய்து தவணையில் வாங்கியதாம். பல வருஷமாக வெறும் இரைச்சல்தான். திறந்து பார்த்தேன். கரண்ட் இரைச்சலை வடிகட்டும் பில்டர் கண்டன்சர் உப்பிக் கிடந்தது. மூன்று ஞாயிறு சாயங்காலம் போய் உட்கார்ந்து அதை மாற்றி, சுவிட்சுகளைக் கழுவி, தட்டு மேடைக்கு எண்ணெய் போட்டுக் கொடுத்தேன். கீழ் அறையில் அந்த அம்மா அடுக்கி வைத்திருந்ததில் மேலாக இருந்த தட்டைப் போட்டோம். ஒரு பக்கம் முடிகிற வரை அவர் அசையவில்லை. அப்புறம் எழுந்து வெளியே போய், காலையில் தள்ளி முடித்த பனியையே திரும்பவும் தள்ளிக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் கதவைத் தட்டி, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். நாற்பது வருஷம் லேத் ஓட்டியவர். கார் நிறுத்தும் கொட்டகையில் சொந்த லேத் வைத்திருக்கிறார். நான் அப்பாவின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

தம்பி, அப்பாவின் கேரார்ட் 301 தட்டு மேடையை ஏன் எட்டு வருஷமாகப் பூட்டி வைத்திருக்கிறேன் என்று நீ கேட்கும்போதெல்லாம் நான் பேச்சை மாற்றியிருக்கிறேன். காரியம் முடிந்து கிளம்பும்போது நீதான் அதை அப்பாவின் வேட்டியில் சுற்றி என் பெட்டியில் வைத்தாய். நம் ஊர் கரண்ட் நொடிக்கு 50 சைக்கிள், இங்கே 60 என்பது உனக்கே தெரியும். அந்த மோட்டார் ஓடுவது சைக்கிளை வைத்து. அங்கே நிமிஷத்துக்கு 1500 சுற்றை ஒட்டி ஓடுவது இங்கே 1800-ஐ ஒட்டி ஓடும். வோல்டேஜ் பெரிய விஷயமில்லை, இணைப்பை மாற்றிப் போட்டால் 120-க்கு வந்துவிடும். வேகம்தான் சிக்கல். நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்ற வேண்டிய தட்டு 93-க்கு மேல் சுற்றும்.

வந்த புதிதில் ஒரே ஒரு தடவை போட்டுப் பார்த்தேன், ராஜரத்தினம் பிள்ளை தோடி. நம் தட்டில் இரண்டரைக் கட்டையாகக் கேட்கிற சுருதி நாலரைக்கு ஏறிவிட்டது. உச்ச சுருதியில் ஒலிக்கும் குட்டை நாயனமான திமிரியை வைத்துவிட்டு நீளமான பாரி நாயனத்தை எடுத்து நாதஸ்வரத்தின் சுருதியையே கீழே இறக்கியவர் அவர். திருவாவடுதுறை பக்கம் போகும்போதெல்லாம் அப்பா இதைச் சொல்லாமல் இருக்க மாட்டார். அப்பாவின் மேடையிலேயே அவருடைய பாரி திரும்பத் திமிரியாகிக் கீச்சிட்டது. பாதியில் ஊசியைத் தூக்கிவிட்டேன். மோட்டார் முனையில் மாட்டும் சின்ன உருளை, 60 சைக்கிளுக்கான புல்லி, விலைக்குக் கிடைக்கிறது. அடுத்த மாதம் பார்ப்போம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். முதலில் உன் அண்ணி ஆஸ்பத்திரியில், பிறகு சின்னவள் படிப்பு, அப்படியே போய்விட்டது.

இத்தாலிக்காரர் புல்லியைக் கழற்றி மைக்ரோமீட்டரில் வைத்து 33, 45, 78 மூன்று படியையும் அளந்து சுவரில் பென்சிலால் எழுதிக்கொண்டார். ஒவ்வொரு படியிலும் ஆறில் ஒரு பங்கு குறைய வேண்டும் என்று நான் சொன்னதற்குத் தலையை மட்டும் ஆட்டினார். பித்தளைக் கம்பி எடுத்துக் கடைந்தார். முதல் புல்லி அவருக்குப் பிடிக்கவில்லை, தூக்கிப் போட்டார். இரண்டாவதை மோட்டாரில் மாட்டி விரல் நகத்தை அதன்மேல் லேசாக வைத்துப் பார்த்து, அதையும் தூக்கிப் போட்டார். ஒரு முடி அளவு கோணல் இருந்தாலும் நாதம் அழும், அது அவருக்குச் சொல்லாமலே தெரிந்திருந்தது. மூன்றாவதைக் கையில் கொடுத்தார். காசைப் பற்றிப் பேச்சே எடுக்க விடவில்லை.

அப்பாவின் வேகம் பார்க்கும் அட்டை ஞாபகம் இருக்கிறதா? ஜீரோ வாட் பல்புக்கு நேரே வைத்து, கோடு நிற்கிறதா ஓடுகிறதா என்று நம்மைப் பார்க்கச் சொல்வாரே. அதில் 78-க்கு 77 கோடு. 60 சைக்கிள் விளக்கு கூடுதலாகத் துடிப்பதால் இங்கே 92 கோடு வேண்டும். வரைந்து, பெரிய பாப்பா போன வருஷம் அனுப்பிய பொங்கல் வாழ்த்து அட்டையின் பின்பக்கத்தில் ஒட்டிக்கொண்டேன். இப்போது வருகிற எல்.இ.டி. விளக்கில் கோடு சரியாக நிற்பதில்லை. வாத்தியார் வீட்டில் ஒரு பழைய நியான் ராத்திரி விளக்கு இருந்தது. அறையை இருட்டாக்கி அதை மட்டும் போட்டு மேடையைச் சுழல விட்டேன். கோடுகள் மெதுவாக முன்னால் நகர்ந்தன. வேகக் குமிழைத் திருப்பத் திருப்ப உள்ளே காந்தம் பிடித்து இழுக்க, நகர்வது குறைந்து குறைந்து, 92 கோடும் ஒரே இடத்தில் நின்றது.

அப்புறம் தோடி வைத்தேன். 78-க்கான தடிமன் ஊசி தனியாக வைத்திருக்கிறேன், எல்.பி. ஊசியால் அதைக் கெடுக்கவில்லை. முதல் பிடியிலேயே சரியான இடத்தில் வந்து உட்கார்ந்தார். ஹெட்போன் போடவில்லை. கொஞ்ச நேரத்தில் டக், டக், டக் என்று அந்தக் கீறல் வந்தது. நீ ஐந்து வயசில் என் காம்பஸ் முனையால் கிழித்த கீறல். அப்பா உன்னை ஒன்றும் சொல்லாமல், பார்த்துக்கொள்ளவில்லை என்று என்னை அடித்தார். நீ பரண் ஏணிக்கு அடியில் உட்கார்ந்து எனக்காக அழுதாய். கீறல் தாண்டி நாயனம் மேலே போகும்போது எனக்கு வீடு முழுக்கத் தெரிந்தது தம்பி. திருவிடைமருதூர் தைப்பூசத்துக்கு ஆம்பிளிபயரை ஏற்றிய மாட்டு வண்டி, தென்னையில் நாம் கட்டிய குழாய் ஸ்பீக்கர், விடியற்காலை முதல் தட்டு போடும் முன் அப்பா ஊசியை ஊதுவது, திண்ணையில் அம்மா. எல்லாரும் இருந்தார்கள். தட்டு முடிந்து ஊசி உள் வட்டத்தில் உராய்ந்துகொண்டே கிடந்தது. எடுக்க எனக்குக் கை வரவில்லை. வாத்தியார் படியிறங்கி வந்து எடுத்து வைத்தார். இதை எழுத வேண்டாம் என்றுதான் மூன்று கடிதத்தையும் கிழித்தேன்.

சரி, வீட்டு விஷயம்.

ஓடு இந்த மழைக்குத் தாங்கவில்லை, ரைஸ் மில்காரர் கேட்கிறார், பாப்பா கல்யாணம் ஆவணிக்கு, விற்றுவிடலாமா என்று கேட்டிருந்தாய். விற்றுவிடு. ஒழுகும் வீட்டை வைத்துக்கொண்டு நீ ஒருத்தன் அல்லாடுவதை நான் விரும்பவில்லை. அதிகாரப் பத்திரத்தை டொராண்டோ இந்தியத் துணைத் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு மாசிக்குள் அனுப்புகிறேன். கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் அங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும், அதற்குள் முடித்துவிடு. அப்பாவின் வாரிசுச் சான்றிதழை இப்போதே தேடி எடுத்து வை. மன்னார்குடித் தங்கச்சிக்கும் சம பங்கு. மாப்பிள்ளை வேண்டாம் என்று சொன்னாலும் அவள் கையில் கொடுத்த பிறகே அவள் கையெழுத்து. அம்மா இருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பாள்.

என் பங்கு பாப்பா கல்யாணத்துக்கு. இதில் மறுபேச்சு வேண்டாம். ஆனால் தையில் அனுப்புகிறேன் என்று சொன்ன பணம் பங்குனியில் வரும், அதற்கு மட்டும் கொஞ்சம் பொறுத்துக்கொள். கல்யாணத்துக்கு வரத்தான் பார்க்கிறேன். டிக்கெட் விலை இறங்கக் காத்திருக்கிறேன். பெரியவன் கால்கரியிலிருந்து வருவான், அவனிடம் பேசிவிட்டேன்.

பழைய இரும்புக்காரன் பரணில் இருக்கும் தட்டுகளைக் கிலோ கணக்கில் கேட்டான் என்று எழுதியிருந்தாயே. அந்த வரியைப் படித்துத்தான் எனக்குப் பதில் எழுதக் கை ஓடவில்லை. கொடுத்துவிடாதே, தம்பி. வீட்டைக் கொடு, தட்டைக் கொடுக்காதே. அடுத்த மழைக்கு முன்னால் இறக்கி உன் மாடி அறையில் வை. ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்க வைத்தால் அடியில் இருப்பது விரிசல் விட்டுவிடும், எல்லாவற்றையும் நிறுத்தி வை. பூஞ்சை பிடித்த 78-ஐ ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதே, அது அரக்கு, கரைந்துவிடும். துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து வட்டமாகத் துடைத்து நிழலில் காயவிடு. நடுவில் ஒட்டிய காகிதத்தில் ஈரம் படக்கூடாது. சின்னவனைக் கூட வைத்துக்கொள், அவனுக்குப் பொறுமை உண்டு. குழாய் ஸ்பீக்கரில் ஒன்றைப் பிள்ளையார் கோயிலுக்குக் கொடு, மற்றது இருக்கட்டும். எத்தனை தட்டு தேறுகிறது என்று எண்ணி எழுது, உறை நான் வாங்கி வைக்கிறேன்.

உன் முழங்கால் வலிக்கு என்ன சொன்னார்கள்? கும்பகோணம் டாக்டரிடம் போனாயா? அதை நீ எழுதவே இல்லை.

இப்படிக்கு,
அன்புள்ள அண்ணன்

பி.கு. பழைய 50 சைக்கிள் புல்லியை அப்பாவின் வேட்டியிலேயே முடிந்து வைத்திருக்கிறேன். ஊருக்கு வரும்போது மேடையோடு அதையும் எடுத்து வருகிறேன். உன் மாடி அறையில் ஓட அதுதான் வேண்டும்.