அம்மாவைக் காத்துக் கொடுத்த அனைவருக்கும் நன்றி

வணக்கம். அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். நேற்று தானே எழுந்து திண்ணையில் உட்கார்ந்து ரசம் சாதம் சாப்பிட்டார். நீங்கள் எல்லோரும் விசாரித்தது இதைத்தானே, அதனால் முதலில் சொல்லிவிட்டேன்.

குடியாத்தத்தில் எங்கள் தெரு டாக்டருக்கு முதல் நன்றி. சிறுநீர்த் தொற்றுக் காய்ச்சலோடு போன அம்மாவின் பேச்சு குழறுவதையும் பிரஷர் இறங்கியிருப்பதையும் பார்த்தவர், "செப்சிஸ் மாதிரி தெரியுது, இங்க நேரம் போக்காதீங்க, வேலூர் போயிடுங்க" என்று 108-க்கு அவரே போன் போட்டார். கிருமியை விரட்டக் கிளம்பும் எதிர்ப்புச் சக்தியே கட்டுமீறிச் சொந்த உறுப்புகளைக் கெடுக்கும் நோய் அது. மருந்து தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் ஆபத்து.

வேலூர் ஆஸ்பத்திரியின் ஐ.சி.யூ. டாக்டரம்மாவை என்னவென்று சொல்வது! ரத்தத்தில் 135 முதல் 145 வரை இருக்கவேண்டிய சோடியம் என்ற உப்பு அம்மாவுக்கு 160-ஐத் தொட்டிருந்தது. காய்ச்சலில் உடம்பு நீர் வற்றி, தாகம் என்று கேட்கவும் நினைவில்லாமல் கிடந்தார். "இன்னிக்கே இறக்கிட முடியாதா மேடம்?" என்று தம்பி பதறினான். அவர் சலிக்காமல் துண்டுச் சீட்டில் படம் போட்டுக் காட்டினார். ஏறிய உப்புக்கு மூளை பழகியிருக்கும், சட்டென்று இறக்கினால் நீர் உள்ளே பாய்ந்து மூளை வீங்கிவிடும், அதனால் ஒரு நாளைக்குச் சுமார் 10 அளவுதான் இறக்கலாம் என்றார். உப்பின் அளவு எதிர்ப்பு அணுக்களின் போக்கையும் மாற்றுகிறதா என்று ஆராய்ந்து வருவதையும் சொன்னார். அந்தச் சீட்டு இன்னும் தம்பியின் பர்ஸில் இருக்கிறது.

உப்பை அப்படி மெல்ல இறக்கிக் காட்டியவர்கள் நர்ஸ் அக்காக்கள். மூக்குக் குழாயில் அளந்து தண்ணீர் விடுவதும், சிறுநீர்ப் பையைப் பார்த்து மில்லி கணக்கில் எழுதுவதும், ரத்தம் எடுத்து அனுப்புவதும் ராத்திரி முழுக்க நடந்தது. செப்சிஸின் முதல் வேகம் தணிந்ததும் எதிர்ப்புச் சக்தி சோர்ந்து போய்ப் புதுத் தொற்று சுலபமாக வந்துவிடுமாம். அம்மாவைத் தொடும் முன்பு ஒருவர்கூடக் கை சுத்தம் செய்ய மறந்து நான் பார்க்கவில்லை.

அப்புறம், லாட்ஜில் பக்கத்து அறை வங்காளத்து அக்கா. பாஷை தெரியாமலேயே எங்களுக்கும் சேர்த்துச் சோறு வடித்தார். பணம் திரட்டித் தந்த எங்கள் தெரு லுங்கி நெசவாளர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம்.

அடுத்த வாரம் ரத்தப் பரிசோதனைக்கு வேலூர் வருகிறோம். வார்டுக்கும் வந்து எல்லோரையும் பார்க்கவேண்டும் என்கிறார் அம்மா.

அன்புடன்,
மகளும் மகனும், குடியாத்தம்