செயலாளர் ஆண்டறிக்கை

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. நூலகப் பட்டியல் புதுப்பிக்கப்பட்டது. நிர்வாகக் குழுவில் மாற்றம் இல்லை; போட்டியிட யாரும் முன்வரவில்லை.

அடுத்து, இந்த ஆண்டின் கூட்டுப் பணி. துகள் முடுக்கிக்குள் சுற்றிக்கொண்டிருக்கும் துகள் கற்றையை வெளியே எடுக்கும் காந்தங்களைக் காகிதத்தில் வடிவமைத்துப் பார்ப்போம் என்று நான் முன்மொழிந்தேன். "இதெல்லாம் நமக்கெதற்கு? கருந்துளை என்றால் கூட்டம் வரும்" என்றார்கள் சிலர். அவர்கள் பிறகு ஒரு அமர்வுக்கும் வரவில்லை என்பதால் பதிலை இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

கருந்துளையை நாம் வேடிக்கைதான் பார்க்கலாம். இதை நாமே கணக்குப் போடலாம். முதலில் கிக்கர் காந்தம், அதாவது கற்றையைச் சட்டென்று பக்கவாட்டில் தட்டிவிடும் காந்தம்: கற்றை போகும் இடைவெளி 50 மில்லிமீட்டர் (அகலமும் அதே அளவு), கம்பிச் சுருள் ஒரே சுற்று, 2,000 ஆம்பியர். கிடைப்பது 0.05 டெஸ்லா காந்தப்புலம். நீளம் ஒரு மீட்டர் என்றால் 1 ஜிஇவி/c (துகள் இயற்பியலில் உந்தத்தின் அலகு) உந்தமுள்ள புரோட்டான் சுமார் 15 மில்லிரேடியன் திரும்பும். மின்னோட்டத்தைக் குறைக்க இரண்டு சுற்று போடலாமே என்று ஓர் உறுப்பினர் கேட்டார். நல்ல கேள்வி. மின்னோட்டம் பாதியாகும், ஆனால் தூண்டம் (மின்னோட்ட மாற்றத்தை எதிர்க்கும் தன்மை) நான்கு மடங்காகும். அதே வேகத்தில் புலத்தை ஏற்ற மின்னழுத்தம் இரட்டிப்பாக வேண்டும். 0.1 மைக்ரோவினாடியில் ஏற்ற ஒரு சுற்றுக்கே 25 கிலோவோல்ட் ஆகிறது. அன்று வந்திருந்தவர்கள் நேரம் போனதே தெரியாமல் வாதாடினார்கள்.

கிக்கர் தட்டிவிடும் கற்றை ஒரு மெல்லிய சுவரைத் தாண்டி செப்டம் என்ற இரண்டாவது காந்தத்துக்குள் போகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் வலுவான புலம், சுற்றிக்கொண்டிருக்கும் கற்றையின் பக்கம் ஏறக்குறைய பூஜ்யம். 20 மில்லிமீட்டர் இடைவெளியில் 1 டெஸ்லா வேண்டுமென்றால் அந்தச் சுவர் வழியாக சுமார் 16,000 ஆம்பியர் பாய வேண்டும். சுவர் 5 மில்லிமீட்டர் தடிப்பு என்றால் சதுர மில்லிமீட்டருக்கு 160 ஆம்பியர்! தொடர்ந்து ஓடவிட்டால் தண்ணீர் பாய்ச்சிக் குளிர்விப்பதே பெரும்பாடு. அதனால்தான் பல இடங்களில் சிறு சிறு மின்துடிப்புகளாக மட்டும் இயக்குகிறார்கள். சுவரைத் தடிப்பாக்கலாம், ஆனால் அப்போது கிக்கர் இன்னும் பலமாகத் தட்ட வேண்டும். எங்கே தொட்டாலும் இன்னொரு இடத்தில் இடிக்கிறது.

ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்தில் உள்ள பெரிய முடுக்கியான எல்எச்சியில் கற்றை வளையத்தை ஒருமுறை சுற்றிவர 89 மைக்ரோவினாடி. அதில் 3 மைக்ரோவினாடியைத் துகள்கள் இல்லாமல் காலியாக விட்டிருக்கிறார்கள். கற்றையை அப்புறப்படுத்த, ஒரு கற்றைக்கு 15 கிக்கர்களும் அந்த இடைவெளிக்குள் முழுப் புலத்துக்கு ஏறியாக வேண்டும். நம் கூட்டத்துக்கு அரை மணி தாமதமாக வருபவர்கள் இதைக் கவனிக்கலாம்.

வரவு செலவு பெரும்பாலும் சரியாக இருக்கிறது. கையிருப்பு சொல்லிக்கொள்ளும்படி இல்லை. சந்தா பாக்கி கணிசமானது. அதில் கருந்துளை அன்பர்களும் அடக்கம்.

பொருளாளருக்கும், தணிக்கையாளருக்கும், அமர்வுக்குப் பின் நாற்காலிகளை அடுக்கியவர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் சிறிய செப்டம் மாதிரி ஒன்றைச் செய்து, சுவருக்கு வெளியே எவ்வளவு புலம் கசிகிறது என்று அளக்க ஆசை. அதற்குச் செம்புத் தகடும், மின்வழங்கியும், காந்தப்புலத்தை அளக்கும் ஹால் உணரியும் வேண்டும். இவற்றை யாரிடமாவது இரவல் வாங்கலாமா என்றுகூட யோசித்தேன். அப்புறம், பாக்கிப் பட்டியல் பொருளாளரிடம் தயாராக இருக்கிறது. பெயர்களைச் சபையில் வாசிக்கும் எண்ணம் இப்போதைக்கு இல்லை.

இப்படிக்கு,
செயலாளர்