27ஆம் சங்கீதம், 10ஆம் வசனம்

அன்பு மகனே,

பெர்லினில் குளிர் ஆரம்பித்திருக்கும். கழுத்தை மூடிக்கொள். போன மாதமே சொன்னேன், கேட்டிருக்க மாட்டாய்.

ஜெருசலேமில் சுக்கோத் பண்டிகைக்குக் கூடாரம் போட்டாயிற்று. அதே பால்கனி, அதே பலகைகள். இந்தத் தடவை ஏணியில் ஏறியது உன் அக்கா வீட்டுக்காரர். பேரீச்சை ஓலையை நெருக்கி அடைத்துவிட்டார். வெயிலைவிட நிழல் கூடுதலாக இருக்க வேண்டும், சரி, ராத்திரியில் நட்சத்திரம் தெரிய வேண்டாமா? உன் கை வேறு. இதை உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

மன்னிப்புக் கேட்கும் யோம் கிப்பூர் நோன்புக்கு முன்னால் நீ பேசுவாய் என்று அம்மா மூன்று நாள் போனைக் கையிலேயே வைத்திருந்தாள். வேலை இருந்திருக்கும்.

பண்டிகையின் நடு நாட்களில் அவசியமில்லாமல் எழுதாதே என்று உனக்குச் சொன்னவன் நான். இது அவசியம்.

எலூல் மாதம் முதல் தேதியிலிருந்து 27ஆம் சங்கீதம் காலையும் மாலையும் ஓடுகிறது. "ஆண்டவரே என் வெளிச்சம்" என்று எடுத்தால் வாய் தானாகச் சொல்லும், மனசு பண்டிகைக்கு வாங்கும் எத்ரோக் பழத்தின் விலையில் இருக்கும். தீங்கு நாளில் தம் கூடாரத்தில் என்னை மறைப்பார் என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் நிற்பேன், பண்டிகைக்குப் பொருத்தமான வரி என்று. நேற்று கூடாரத்தில் தனியாக உட்கார்ந்து சொல்லும்போது 10ஆம் வசனத்தைத் தாண்ட முடியவில்லை. தகப்பனும் தாயும் கைவிட்டாலும் ஆண்டவர் என்னைச் சேர்த்துக்கொள்வார். தாத்தா கோபக்காரர், உனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து அந்த வரிதான் எனக்கு ஆறுதல். அதில் எப்போதும் பிள்ளை நான்தான். தகப்பனும் நானாக இருக்கலாம் என்று நேற்றுதான் உறைத்தது.

அம்மாவை அந்த வரியில் இழுக்காதே. நீ தலையிலிருந்த கிப்பாத் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் படி இறங்கியபோது "கூப்பிடுங்கள்" என்றாள். நான் ஓலையைச் சரிசெய்வதுபோல நின்றேன். கூடாரத்தில் உனக்கு இடமில்லை என்றேனே, அதற்குக் கால் மணி நேரம் முன்னால்தான் பண்டிகை வழக்கப்படி வாசலில் நின்று ஆபிரகாமையும் ஈசாக்கையும் உள்ளே வாருங்கள் என்று அழைத்திருந்தேன். ஆபிரகாம் வழிப்போக்கனையெல்லாம் உட்காரவைத்துச் சோறு போட்டவர்.

சேர்த்துக்கொள்வார் என்பதற்கு அந்த வசனத்தில் எபிரேயத்தில் வரும் சொல், விளைச்சலைக் களத்திலிருந்து வீட்டுக்குச் சேர்க்கும் அதே சொல். இந்தப் பண்டிகைக்கே சேர்ப்புக்காலப் பண்டிகை என்றுதானே தோராவில் பெயர். ஆண்டவர் உன்னைச் சேர்த்துக்கொள்வார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. என் வேலையை அவர் தலையில் கட்டிவிட்டேன்.

சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. கழுத்தை மூடிக்கொள்.

எட்டாம் நாள் முடிந்ததும் பிரித்துவிடலாம் என்கிறார் அக்கா வீட்டுக்காரர். மழைக்கான ஜெபம் சொன்ன பிறகு ஓலை எதற்கு என்று கேட்கிறார். இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன். நனைந்தால் நனையட்டும். உன் மடக்கு நாற்காலியையும் வெளியே எடுத்து வைத்திருக்கிறேன்.

அப்பா