மகளிர் மற்போர் இரவுக்கு ஆண்டில் ஒரு நாள்: டபிள்யூ.டபிள்யூ.இ. நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்க மற்போர் நிறுவனமான டபிள்யூ.டபிள்யூ.இ.யின் நிகழ்ச்சிகளுக்கு நாள் குறிக்கும் நிர்வாகத்தினருக்கும் கதை எழுதும் குழுவினருக்கும்,

வணக்கம்.

2018 அக்டோபர் 28 அன்று, நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் உள்ள நாசாவ் கொலிசியத்தில், வீராங்கனைகள் மட்டுமே மோதும் உங்கள் முதல் கட்டண நிகழ்ச்சியான ‘எவல்யூஷன்’ நடந்தது. இந்திய நேரப்படி அது திங்கட்கிழமை அதிகாலை நாலரை மணி. அன்று கண்விழித்துப் பார்த்தவர்களில் நானும் ஒருவன் என்பதைத் தவிர, இந்த மடலை எழுத எனக்கு வேறு தகுதி இல்லை.

மற்போரில் யார் வெல்வார், யார் வீழ்வார் என்பதை நீங்கள் முன்கூட்டியே எழுதிவிடுகிறீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். அதில் எங்களுக்குக் குறையும் இல்லை. ஆனால் ஒரு போட்டிக்கு எத்தனை நிமிடம், ஓர் ஆண்டில் எத்தனை இரவு என்பவை கதையில் சேராதவை. அவை உண்மையான கடிகாரத்தில் ஓடுபவை. 2015 பிப்ரவரியில், வாரந்தோறும் வரும் உங்கள் மூன்று மணி நேர ‘ரா’ நிகழ்ச்சியில் நால்வர் மோதிய மகளிர் இணைப் போட்டி ஏறத்தாழ முப்பதே நொடிகளில் முடிந்தபோது ரசிகர்கள் கொதித்தெழுந்தது யார் தோற்றார் என்பதற்காக அல்ல. அந்த முப்பது நொடிக்காகத்தான்.

நேரம் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை ‘எவல்யூஷன்’ காட்டியது. பெக்கி லிஞ்சும் சார்லட் ஃபிளேரும் மோதிய ‘லாஸ்ட் உமன் ஸ்டாண்டிங்’ போட்டிக்கு நீங்கள் அரை மணி நேரத்துக்குச் சற்றே குறைவாக ஒதுக்கினீர்கள். நாற்காலி, ஏணி, மேசை என்று கையில் கிடைத்த யாவும் ஆயுதமாயின. இறுதியில் பெக்கி அவரைத் தூக்கிக் கீழே அறைந்த ‘பவர்பாம்ப்’ அடியில் வளையத்துக்கு வெளியே இருந்த மேசை நொறுங்க, நடுவர் பத்து எண்ணி முடிப்பதற்குள் சார்லட்டால் எழ முடியவில்லை. அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில்தான், பெக்கி சார்லட்டை அடிப்பதாகக் கதை எழுதி, பெக்கியை வில்லியாக்க முனைந்தீர்கள். அரங்கமோ பெக்கியைத்தான் கொண்டாடியது. அன்றைய நிகழ்ச்சியை ரோண்டா ரௌசி – நிக்கி பெல்லா போட்டியோடு முடித்தது என் கணக்கில் பிழை. கடைசி இடம் இந்தப் போட்டிக்கே உரியது. எனினும் ஆறு மாதத்துக்குள், 2019 ஏப்ரல் 7 அன்று, பெக்கி, சார்லட், ரோண்டா மூவரும் உங்கள் ஆண்டின் மிகப் பெரிய நிகழ்ச்சியான ‘ரெசில்மேனியா 35’-இன் இறுதிப் போட்டியில் நின்றார்கள். ‘ரெசில்மேனியா’வைப் பெண்கள் நிறைவுசெய்தது அதுவே முதல்முறை.

அப்படியிருக்க, ‘எவல்யூஷனின்’ இரண்டாம் பதிப்புக்கு 2025 ஜூலை 13 வரை நாங்கள் ஏன் காத்திருக்க நேர்ந்தது? பெருந்தொற்றைக் காரணம் காட்டினாலும் ஓரிரு ஆண்டுகளுக்குத்தான் அது பொருந்தும். முதல் ‘எவல்யூஷன்’ முடிந்த ஐந்தாம் நாள் ரியாத்தில் நடந்த ‘கிரவுன் ஜுவல்’ நிகழ்ச்சியில் ஒரு மகளிர் போட்டிகூட இல்லை என்பதையும் நாங்கள் மறக்கவில்லை. சவுதி அரேபியாவில் நட்டாலியாவும் லேசி எவன்ஸும் உடலை முழுக்க மறைக்கும் ஆடையில் முதன்முதலாக மோத இன்னும் ஓராண்டு ஆயிற்று.

இரண்டாம் பதிப்பு வந்தபோதும் அதற்கென்று தனியாக ஒரு வார இறுதி அமையவில்லை. முந்தைய இரவு அதே அட்லாண்டா நகரில் ‘சாட்டர்டே நைட்ஸ் மெயின் ஈவன்ட்’ நிகழ்ச்சியை வைத்து, அதில் மூத்த மற்போர் வீரர் கோல்ட்பெர்க்கின் கடைசிப் போட்டியையும் நடத்தினீர்கள். வாரம் முழுவதும் பேச்சு அவரைப் பற்றியே இருந்ததில் வியப்பில்லை.

அந்த நெருக்கடியிலும் வீராங்கனைகள் குறை வைக்கவில்லை. ஈயோ ஸ்கைக்கும் ரியா ரிப்ளிக்கும் இடையே நடந்த இறுதிப் போட்டியின் நடுவே, அதே இரவில் ஜேட் கார்கிலிடம் அடிவாங்கித் தோற்றிருந்த நயோமி, எந்த நேரத்திலும் பட்டத்துக்கு மோதும் உரிமை தரும் ‘மணி இன் த பேங்க்’ பெட்டியோடு ஓடிவந்து பட்டத்தைத் தட்டிச் சென்றார். பலர் ஒரே வளையத்தில் மோதி, கடைசியாக எஞ்சுபவர் வெல்லும் ‘பேட்டில் ராயல்’ போட்டியில் வென்ற ஸ்டெஃபனி வாக்கேர், அந்தச் செப்டம்பரிலேயே உலக மகளிர் பட்டத்தைக் கைப்பற்றினார். 2018-இல் பெக்கிக்கு நடந்ததுதான் இது. வேறு நிகழ்ச்சிகளில் இரண்டு அல்லது மூன்று மகளிர் போட்டிகளுக்கே இடம் இருப்பதால், அங்கே ஏற்கெனவே பெயர் பெற்றவர்களே திரும்பத் திரும்ப வருகிறார்கள். புதியவர் மேலேறும் படி இந்த ஒரு மேடையில்தான் இருக்கிறது.

ஈயோவையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ‘எவல்யூஷனில்’ ஈயோ ஷிராய் என்ற பெயரில், ‘மே யங் கிளாசிக்’ என்ற மகளிர் தொடரின் இறுதிப் போட்டியில் டோனி ஸ்டார்மிடம் தோற்றபோது அவருக்கு வயது 28. அடுத்த ‘எவல்யூஷனில்’ உலக வாகையாளராக அவர் வளையத்துக்குள் நுழைந்தபோது வயது 35. கயிற்றின் மேலிருந்து பின்புறமாகச் சுழன்று பாயும் ஒருவருடைய முழங்காலுக்கு இந்த ஏழு ஆண்டுகள் என்ன விலை என்பது, எங்களைவிட உங்கள் மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஆகவே எங்கள் கோரிக்கை எளியது. ‘ராயல் ரம்பிள்’ என்றால் ஆண்டுத் தொடக்கம், ‘சம்மர்ஸ்லாம்’ என்றால் கோடை என்று ரசிகர் மனத்தில் பதிந்திருப்பதுபோல, ‘எவல்யூஷனுக்கும்’ ஆண்டுதோறும் மாறாத ஒரு மாதத்தை ஒதுக்குங்கள். அந்த வார இறுதியில் உங்களுடைய வேறு பெரிய நிகழ்ச்சி எதையும் வைக்காதீர்கள். கடைசி வாரங்களில் அவசரமாகப் பகையை மூட்டாமல், இரண்டு மாதங்களுக்கு முன்பே கதைகளைத் தொடங்குங்கள். பெக்கி – சார்லட் போட்டிக்கு அத்தனை வலு வந்தது அதற்கு முன்பான பத்து வாரப் பகையால்தான்.

நாளைக் குறித்துச் சொல்லுங்கள். அதிகாலை நாலரை மணிக்கு அலாரம் வைப்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நெடுநாள் ரசிகன் ஒருவன்