குளக்கட்டுச் சந்திப் பலகையைக் கழற்றுங்கள்: எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர் ஐயா, செயலாளர், நிருவாக சபையினர் அனைவருக்கும்,

வணக்கம். போன மாதம் குளக்கட்டுச் சந்தியில் நட்ட பலகையைப் பற்றித்தான் இந்தக் கடிதம். 'வெளியூர் வியாபாரிகளும் அறிமுகமில்லாதோரும் உட்செல்லத் தடை' என்று சிவப்பு எழுத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதைக் கழற்றிவிடும்படி கேட்கிறேன். தீர்மானம் எடுத்த அன்று நானும் கூட்டத்தில் இருந்தேன். கை உயர்த்தவில்லை, ஆனால் எழும்பி நின்று மறுத்துச் சொல்லவும் இல்லை. அன்று சொல்லாததை இன்று எல்லோரும் வாசிக்க எழுதுகிறேன்.

பலகை எதற்காக வந்தது என்பது எனக்குத் தெரியும். வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்றியது. பிள்ளை பிடிக்க ஆட்கள் திரிகிறார்களாம், வியாபாரிகள் மாதிரி வருகிறார்களாம். எந்த ஊர், எந்தப் பிள்ளை என்று அதில் ஒன்றுமில்லை. அடுத்த சனிக்கிழமை, மோட்டார் சைக்கிளில் புடவைப் பொட்டணியோடு வந்த முஸ்லிம் வியாபாரி நானாவை எங்கள் பெடியள் சந்தியில் மறித்தார்கள். பொட்டணியை அவிழ்க்கச் சொன்னார்கள். சீத்தைத் துணி, பாவாடை, பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை எல்லாம் புழுதியில் விரிந்தன. பிள்ளை ஒன்றும் அதற்குள் இருக்கவில்லை. அவர் எல்லாவற்றையும் மடித்துக் கட்டிக்கொண்டு திரும்பிப் போனார். அடுத்த கிழமை பலகை வந்தது.

எங்கள் சனத்தின் பயத்தை நான் சின்னதாக எண்ணவில்லை. பிள்ளைகளைப் பறிகொடுத்த சனம் நாங்கள். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு உட்கார்ந்த தாய்மாரில் எங்கள் ஊர்க்காரரும் உண்டு. அவர்கள் மடியிலிருந்த படங்களைப் பார்த்தவர்களுக்கு, 'பிள்ளை பிடிகாரன்' என்ற சொல் கேட்டவுடன் வயிறு ஏன் கலங்குகிறது என்று விளக்கத் தேவையில்லை. எனக்கும் ஐந்து வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அவளுக்கும் அந்த நானாவுக்கும் இருந்த பழக்கத்தைத்தான் சொல்ல வந்தேன்.

இரண்டு கிழமைக்கு ஒருக்கால் சனிக்கிழமை வருவார். மற்றப் பிள்ளைகள் மாதிரி அவளும் முதலில் பயந்து என் சட்டைக்குப் பின்னால் ஒளிந்தவள்தான். புதுச் சேட்டு மடிப்புக்குள் ஒரு வெள்ளை மட்டை வைத்திருப்பார்களே, அதை ஒருநாள் எடுத்து, குண்டூசிகளையெல்லாம் பார்த்துப் பார்த்துக் கழற்றிவிட்டு, படம் கீற வைத்துக்கொள் என்று நீட்டினார். அதன்பிறகு ஒவ்வொரு முறையும் ஒரு மட்டை. அவள் ஒரு பக்கத்தில் கீறியதை அடுத்த முறை அவருக்குக் காட்ட வேண்டும். அவரும் நின்று, ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, இது என்ன, அது என்ன என்று ஒவ்வொன்றாய்க் கேட்பார். ஒருமுறை அவள் குளத்தை மஞ்சளாகத் தீட்டியிருந்தாள். "வெயில் விழுந்திருக்குது போல" என்றார். எனக்குத் தோன்றாத விளக்கம் அது. தவணைக் கடன் எழுதுகிற கட்டுக்காசுக் கொப்பியில் என் பெயருக்கு நேரே எவ்வளவு நிலுவை என்று பார்க்கிற நேரத்தைவிட மட்டை பார்க்கிற நேரம் கூட.

பலகை வந்த பிறகு தொலைபேசியில் சொன்னார்: "டீச்சர், இனி நான் அந்தப் பக்கம் வரேல்லை. மிச்சக் காசைப் பிறகு பாப்பம். மகளிட்ட ஏதும் சொல்லிச் சமாளியுங்கோ."

நான் சமாளிக்கவில்லை. என்ன சொல்வது என்று தெரியாமல் ஒரு படத்தைப் போட்டுக் காட்டினேன். 1957இல் தபன் சின்ஹா வங்காளத்தில் எடுத்த 'காபூலிவாலா'. தாகூர் 1892இல் எழுதிய சிறுகதைதான் படமானது. சபி பிஸ்வாஸ் காபூலிவாலா ரஹ்மத்தாக நடித்திருக்கிறார். ரவி சங்கரின் இசைக்கு அந்த வருடமே பெர்லின் விழாவில் பரிசு கிடைத்தது. ஆப்கானிஸ்தானிலிருந்து கல்கத்தாவுக்கு வந்து, தோளில் பையோடு முந்திரிகை வற்றலும் பாதாமும் விற்கிற ஒரு பெரிய உருவம். மினி என்கிற ஐந்து வயதுச் சிறுமி. அவரை முதலில் கண்டதும் ஓடி ஒளிகிறாள், பைக்குள் தன்னைப்போலப் பிள்ளைகள் இருக்கும் என்று நினைத்து. இந்த இடத்தில் என் மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். எங்கள் பெடியள் பொட்டணியை அவிழ்த்தது எதைத் தேடி என்று நானும் யோசித்தேன்.

பிறகு இருவரும் கூட்டாகிறார்கள். மினியின் தாய்க்கு அது பிடிக்கவில்லை. பிள்ளைகள் களவு போவதில்லையா, அவ்வளவு பெரிய காபூல்காரன் இந்தச் சின்னப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக எவ்வளவு நேரம் என்று கேட்கிறாள். என் அம்மா பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தவர், "தாய்க்காரியிலயும் பிழை சொல்லேலாது" என்றார். எனக்கும் அந்தத் தாயில் கோபம் வரவில்லை. அவளுடைய பயம் பிள்ளைமேல் உள்ள பாசத்திலிருந்துதான் வருகிறது, எங்களுடையதைப் போலவே.

ஆனால், ஐயா, தகப்பன் என்ன செய்கிறார் என்று பாருங்கள். மனைவியின் பயத்தை அவரால் போக்க முடியவில்லை. அப்படி நடக்கவே நடக்காது என்று அடித்துச் சொல்லவும் முடியவில்லை. என்றாலும் ஒரு குற்றமும் செய்யாத மனிதனை வாசலுக்கு வராதே என்று சொல்ல அவருக்கு நியாயம் ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால் கதவைத் திறந்தே வைத்திருக்கிறார். கதை முழுக்க நான் மனதில் பிடித்துக்கொண்டது இந்த இடத்தைத்தான். பயம் இருந்தது, கதவும் திறந்திருந்தது. நாங்களோ பயம் வந்தவுடன் பலகை நட்டோம்.

ரஹ்மத்துக்கும் நன்மை நடக்கவில்லை. கடன் வாங்கிய ஒருவன் இல்லையென்று பொய் சொல்ல, கைகலப்பில் கத்தியால் குத்திவிட்டுச் சிறை போகிறார். அந்தக் குற்றத்தைக் கதை மறைப்பதில்லை. வருடக்கணக்கில் கழித்து அவர் திரும்பி வருவது மினியின் கல்யாண நாளில். அவளுக்கு அவரைச் சரியாக நினைவில்லை. அப்போதுதான் சட்டைக்குள்ளிருந்து ஓர் அழுக்குக் காகிதத்தை எடுத்து விரிக்கிறார். புகைக்கரியில் தோய்த்துப் பதித்த ஒரு சின்னக் கை. ஊரில் விட்டுவந்த தன் மகளின் கை. கல்யாணத்துக்கு வைத்திருந்த விளக்குச் செலவையும் மேளச் செலவையும் குறைத்து, அந்தக் காசைக் கொடுத்து, ஊருக்குப் போய் உன் மகளைப் பார் என்கிறார் மினியின் தகப்பன்.

அந்தக் காகிதம் வந்ததும் அம்மா எழும்பிப் போய்விட்டார். என் அண்ணாவின் கடவுச்சீட்டு அளவுப் படம் அவருடைய கைப்பைக்குள் பத்துப் பதினைந்து வருடமாக இருக்கிறது, ஓரமெல்லாம் நைந்து. திரும்பி வந்து ஒன்றே ஒன்று கேட்டார்: "அந்தாள் போய்ச் சேர்ந்து பிள்ளையைக் கண்டதோ?" தாகூரின் கதை அதைச் சொல்வதில்லை. நான் கண்டிருக்கும் என்றேன்.

எங்கள் நானா வெளியூராள் என்று யார் சொன்னது? அவர் பிறந்தது தண்ணீரூற்றில், இங்கிருந்து சைக்கிளில் போகிற தூரம். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது அவருக்கு ஒன்பது வயது. ஏறத்தாழ 75 ஆயிரம் பேர் அப்போது போனார்கள். புத்தளத்தில் முகாமில் வளர்ந்து, போர் முடிந்த பிறகு காணி துப்புரவாக்கித் திரும்பி வந்தவர். பேச்சில் புத்தளம் ஒட்டியிருப்பதால் எங்கள் பெடியளுக்கு அவர் அந்நியராகத் தெரிகிறார். பெடியளில் முழுப் பிழை இல்லை, அவர்களுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு முஸ்லிம் என்றாலே எல்லோரும் ஒரு மாதிரிப் பார்க்கப் பழகினார்கள், அதுவும் சேர்ந்தது. அம்மாவுக்கு அவருடைய தகப்பனைத் தெரியும். "அவையள் போகேக்க நாங்கள் வேலிக்க நிண்டு பாத்தனாங்கள். ஒருத்தரும் வாய் திறக்கேல்லை" என்று இப்போதுதான் சொல்கிறார். கூட்டத்தில் நான் இருந்த இருப்பு எனக்கு நினைவுக்கு வந்தது.

நாங்களும் அந்நியராய் நின்றவர்கள்தானே. போர் முடிந்த 2009இல் மெனிக் பாம் முதலான முகாம்களில் 3 இலட்சத்துக்குக் கிட்டச் சனம் முள்ளுக்கம்பிக்குள் இருந்தோம். வெளியே வந்து யாழ்ப்பாணத்தில் படிக்கப் போனபோது ஒரு வீட்டில் அறை பேசி, முற்பணமும் கொடுத்தாயிற்று. எந்த இடம் என்று கேட்டார்கள், முல்லைத்தீவு என்றேன். மறுநாள் காசைத் திருப்பித் தந்துவிட்டார்கள். அவர்களும் பயந்த சனம்தான். நான் அன்று பஸ் நிலையத்தில் பையோடு இருந்ததை மறக்கவில்லை. எங்கள் ஊரின் வாய்க்கால் கரைக் குடும்பங்கள் 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்தவை. அவர்களை இங்கே என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பது சபையில் இருக்கிற மூத்தவர்களுக்குத் தெரியும். அந்தச் சொல்லை நான் எழுதமாட்டேன். இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் என் முன்பள்ளியில் படிக்கிறார்கள்.

பிள்ளைகளின் பாதுகாப்புக்கு ஒன்றும் செய்ய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகளுக்குத் தீங்கு செய்கிறவர்களில் பெரும்பாலானோர் அந்தப் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள், வீட்டுக்கு வந்துபோகிறவர்கள். பலகை அவர்களைத் தடுக்காது. சங்கம் செலவழிக்க நினைத்தால், சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கத்தைப் பெரிதாக எழுதி முன்பள்ளியிலும் வாசிகசாலையிலும் கடைச் சுவரிலும் ஒட்டுங்கள். தொட வேண்டாம் என்று சொல்லவும், நடந்ததை வீட்டில் வந்து சொல்லவும் பிள்ளைகளைப் பழக்க ஒரு நாள் ஒதுக்கித் தாருங்கள், நானே நடத்துகிறேன். வியாபாரிகளின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் ஒரு கொப்பியில் எழுதி வைப்பதென்றாலும் எனக்கு மறுப்பில்லை. நானாவும் சந்தோஷமாக எழுதுவார், கொப்பியில் பெயர் எழுதுவது அவருடைய தொழில்.

இன்னொன்றும் கேட்கிறேன். அடுத்த மாதக் கூட்டத்துக்கு முன் இந்தப் படத்தைப் பொதுநோக்கு மண்டபத்தில் போட அனுமதி தாருங்கள். கறுப்பு வெள்ளைப் படம், இரண்டு மணித்தியாலத்துக்குக் கிட்ட ஓடும். வங்காளம் விளங்காது என்று யோசிக்க வேண்டாம், இடையிடையே நிறுத்தி நான் கதை சொல்கிறேன். சந்தியில் நின்ற பெடியள் கட்டாயம் வரவேண்டும். அவர்களை ஏச அல்ல, பக்கத்தில் இருந்து பார்க்க.

பலகை இருக்கும்வரை ஊருக்குள் வரமாட்டேன் என்று நானா சொல்லிவிட்டார். வருகிற சனிக்கிழமை காலை 9 மணிக்குச் சந்திக்கு அந்தப் பக்கம், மருத மரத்தடியில் நிற்பார். என் நிலுவை 2,400 ரூபாவையும், மகள் கீறி வைத்திருக்கிற இரண்டு மட்டைகளையும் கொண்டு நானும் அவளும் போகிறோம். காசு கட்ட இருக்கிறவர்கள் எங்களோடு வரலாம்.

இப்படிக்கு,
உங்கள் ஊர் முன்பள்ளி ஆசிரியை