பேரன் கேட்ட கேள்விக்கு

அன்பு மகளுக்கு,

இங்கு நாங்கள் நலம். உங்கள் நலம் அறிய ஆவல்.

மாமாவின் கருமாதி முடிந்து உறவினர்கள் எல்லாரும் ஊர் திரும்பிவிட்டார்கள். அன்று போனில் பேசிக்கொண்டிருந்தபோது பேரன் இடையில் புகுந்து, "பைலட் தாத்தாவுக்குப் பயமே கிடையாதாமே, அம்மாச்சி?" என்று கேட்டான். போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை அது. அதனால்தான் எழுதுகிறேன். அவனுக்குப் படித்துக் காட்டு. புரியாத இடங்களில் நீ விளக்கிச் சொல்.

துக்கம் கேட்க வந்தவர்களும் இதையேதான் சொன்னார்கள். பயம் அறியாத மனிதர், எமனுக்கே சவால் விட்டவர் என்று. பாசத்தில் சொல்கிறார்கள், தப்பில்லை. ஆனால் எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. என் அண்ணன் நிறையப் பயந்தவர். பயம் வந்தால் அதை மறைக்க மாட்டார். அது என்ன சொல்கிறது என்று நின்று கேட்பார். நான் அவருடைய தங்கை. அவர் முகம் எப்போது எப்படி மாறும் என்பது எனக்குத் தெரியும்.

உன் தாத்தா பாம்பன் ரயில் பாலத்தில் தூக்குப் பாலத்தைத் திறந்து மூடும் ஆட்களில் ஒருவராக இருந்தது உனக்குத் தெரியும். 1914-ல் திறந்த பாலம் அது. கப்பல் வரும் நாளில் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இரும்புக் கம்பிகளைப் பிடித்துச் சுற்றிச் சுற்றித்தான் அந்தப் பெரிய பாலத்தை மேலே எழுப்புவார்கள். எல்லாம் கை பலம். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் தாத்தாவின் உள்ளங்கை சிவந்து கிடக்கும். அண்ணன்தான் விளக்கெண்ணெய் தடவி விடுவார். காற்று கடுமையாக இருந்தால் ரயிலைப் பாலத்தில் ஏற விட மாட்டார்கள். மண்டபம் ஸ்டேஷனில் நிற்கும் பயணிகள் பொறுமை இழந்து சத்தம் போடுவார்கள். தாத்தா அதை வீட்டில் சொல்லும்போது, "அவர்கள் திட்டட்டும், காற்று தணியட்டும்" என்று முடித்துவிடுவார். அண்ணன் அதைக் கேட்டு வளர்ந்தவர்.

சென்னை ஃபிளையிங் கிளப்பில் பயிற்சிக்குச் சேர்ந்தபோது பாட்டியின் நகைகளும் தாத்தாவின் சேமிப்பும் அதில் போயின. ஊரே பைத்தியக்காரத்தனம் என்றது. பாட்டி ஒரு வார்த்தை பேசவில்லை.

அவர் அங்கே மீனம்பாக்கத்தில் புஷ்பக் விமானத்தில் பழகிக்கொண்டிருந்த காலத்தில்தான் 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு புயல் வந்தது. தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து புறப்பட்ட பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடியை நெருங்கும் இடத்தில் அலையில் மூழ்கி, உள்ளே இருந்த அத்தனை பேரும் போய்விட்டார்கள். நம் பாலத்தின் இரும்பு விட்டங்கள் பெரும்பாலும் கடலுக்குள் சரிந்துவிட்டன, தூக்குப் பாலம் மட்டும் நடுவில் தனியாக நின்றது. அண்ணன் சென்னையிலிருந்து ஓடி வந்தார். தாத்தா உயிரோடு இருப்பதைப் பார்த்த பிறகும் அவர் கைநடுக்கம் நிற்கவில்லை. பாலத்தை 46 நாளில் திரும்ப எழுப்பினார்கள். தாத்தாவும் அங்கேயே கிடந்து வேலை செய்தார்.

அந்த ரயில் அண்ணனின் மனதைவிட்டுப் போகவே இல்லை. சிக்னல் விழாமல் ஊருக்கு வெளியே நின்றிருக்கிறது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நீளமாக விசில் கொடுத்து நகர்ந்திருக்கிறது. ஓட்டுநரைப் பற்றி யாராவது குறையாகப் பேசினால் அண்ணனுக்குக் கோபம் வந்துவிடும். "அந்த இருட்டில், அந்த மழையில் நின்றவர் அவர். நீங்களும் நானும் இல்லை" என்பார். ஆனால் தன் வேலையில் மேகத்தைக் கண்டு தயங்கும் ஒவ்வொரு முறையும் அந்த ரயில்தான் நினைவுக்கு வரும் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

இந்தியன் ஏர்லைன்ஸில் சேர்ந்த புதிதில் டகோட்டா விமானம். தரையில் நிற்கும்போது வால் பக்கம் தாழ்ந்து மூக்கு வானத்தைப் பார்க்கும். அதனால் ஏறும் பயணிகள் மேட்டில் நடப்பதுபோல் இருக்கையைத் தேடிப் போக வேண்டும். மேகத்துக்கு மேலே ஏறிப் போகிற சக்தி அதற்கு இல்லை. சுற்றிப் போக வேண்டும், இல்லாவிட்டால் நனைந்துகொண்டே நடுவில் போக வேண்டும். நனைவது என்று சும்மா சொல்லவில்லை. முன் கண்ணாடியின் ஓரம் வழியாக மழைத்தண்ணீர் ஒழுகி மடியில் விழுமாம். அதற்காக ஒரு பழைய துண்டை முழங்கால்மேல் போட்டுக்கொள்வார். அந்தத் துண்டைத் துவைத்துக் காயப்போட்டவள் நான். இன்ஜின் எண்ணெய் வாசனை கடைசி வரைக்கும் அதைவிட்டுப் போகவில்லை.

இரவு அஞ்சல் விமானத்திலும் போயிருக்கிறார். டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை என்று நான்கு ஊரிலிருந்தும் கடித மூட்டைகளோடு கிளம்பி நள்ளிரவில் நாக்பூரில் கூடுவார்கள். மூட்டைகளை மாற்றிக்கொண்டு விடிவதற்குள் அவரவர் ஊருக்குத் திரும்புவார்கள். 1949-ல் தொடங்கிய ஏற்பாடு அது. நாக்பூரில் அந்த நேரத்தில் கிடைத்த தேநீரைப் போல வேறு எங்கும் குடித்ததில்லை என்பார். பேரனிடம் இதைச் சொல். ஒரு கடிதம் மறுநாள் கிடைப்பதற்காக நாலு விமானம் ராத்திரி முழுதும் பறந்த காலம் இருந்தது என்று அவனுக்குத் தெரியட்டும்.

பிறகு ஆவ்ரோ விமானம். திருச்சியிலிருந்து கொழும்புக்குப் போகும் வழி ஏறக்குறைய நம் தலைக்கு மேலேதான். அதன் டார்ட் இன்ஜினுக்கு ஒரு கூரிய விசில் சத்தம் உண்டு. கேட்டதும் நானும் பாட்டியும் மாடிக்கு ஓடுவோம். அவருக்கு எங்களைத் தெரியாது, எங்களுக்கும் ஒரு புள்ளிதான் தெரியும். ஆனாலும் பாட்டி இரண்டு கையையும் தூக்கிக் காட்டுவாள். மேலேயிருந்து வடகடல் பச்சையாகவும் தென்கடல் கருநீலமாகவும் தெரியும், தாத்தாவின் பாலம் நடுவில் ஒரு கோடாக இருக்கும், தனுஷ்கோடி முனையிலிருந்து தலைமன்னார் வரை மணல் தீடைகள் வரிசையாகத் தண்ணீருக்குள் கிடக்கும் என்று வந்து சொல்வார். எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அதைக் கேட்க ஒரு கூட்டமே வரும்.

போயிங், ஏர்பஸ் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. அவற்றைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. ஒரு நிகழ்ச்சியை மட்டும் எழுதியாக வேண்டும். ஒரு ஐப்பசி மாதம், மதுரையில் இறங்க வேண்டிய விமானம். ஓடுபாதைக்கு மேலே இடி மேகம் வந்து நின்றுவிட்டது. அண்ணன் இறக்காமல் திருச்சிக்குக் கொண்டு போய்விட்டார். அதில் ஒரு கல்யாண வீட்டார் இருந்தார்கள், மறுநாள் அதிகாலையில் முகூர்த்தம். அத்தனை பேருக்கும் ஆத்திரம். அண்ணன் காக்பிட்டிலிருந்து இறங்கி வந்து படிக்கட்டின் கீழே நின்றுகொண்டாராம். கடைசிப் பயணி திட்டி முடிக்கும் வரைக்கும் அங்கேயே நின்றாராம். உடன் இருந்த துணை விமானி பல வருடம் கழித்து நம் வீட்டுக்கு வந்தபோது இதைச் சொன்னார். எனக்குக் கேட்டால், என் அண்ணன் செய்ததிலேயே துணிச்சலான காரியம் அதுதான்.

கலாம் ஐயா விமானப்படைத் தேர்வில் எட்டு இடங்களுக்கு ஒன்பதாவதாக வந்து வாய்ப்பை இழந்தவர் என்று அண்ணன் அடிக்கடி சொல்வார். அவர் குடியரசுத் தலைவராக 2006-ல் சுகோய் போர் விமானத்தில் பறந்த அன்று, தானே பறந்ததுபோல் தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்தார்.

ஓய்வு பெற்றவர்கள் சென்னையில் வீடு கட்டிக்கொண்டு இருந்தபோது இவர் மண்டபத்துக்கு வந்துவிட்டார். வயது எழுபதை நெருங்கும்போது புல்லட்டை எடுத்துக்கொண்டு லடாக் போனாரே, நினைவிருக்கிறதா? படங்கள் மட்டும்தான் உனக்கு வந்தன. நடந்ததை அவர் எனக்கு மட்டும் சொன்னார். பாரலாச்சா கணவாய், கிட்டத்தட்ட 16,000 அடி. ஏறும்போது ஒரு காரணமும் இல்லாமல் மனம் குதூகலமாகிவிட்டதாம். வாய்விட்டுச் சிரித்தாராம், பாட்டுப் பாடினாராம். உடனே வண்டியை ஓரமாக நிறுத்திக் கையுறையைக் கழற்றி நகங்களைப் பார்த்திருக்கிறார். நீலம் பாரித்திருந்தன. ஆக்சிஜன் குறைந்தால் மூளை முதலில் தன்னையே ஏமாற்றிக்கொள்ளும், எல்லாம் நன்றாக இருப்பதாகத் தோன்றும் என்று விமானிகளுக்குப் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுப்பார்கள். காரணமில்லாத அந்தச் சந்தோஷத்தைக் கண்டுதான் அவர் பயந்தார். வண்டியைத் திருப்பிக் கீலாங்குக்கு இறங்கி, உடம்பு பழகும் வரைக்கும் அங்கேயே தங்கிவிட்டுத்தான் மறுபடி ஏறினார். கூடப் போன இளைஞர்கள் கிண்டல் செய்தார்கள். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

அதன் பிறகுதான் வத்தை, நம் பக்கத்துப் பாய்மரப் படகு. வாழ்நாளெல்லாம் கேப்டன் என்று அழைக்கப்பட்டவர், தன் வயதில் பாதி இருக்கும் ஒரு சம்மாட்டியிடம், அதாவது படகுத் தலைவரிடம் போய், "எனக்குப் பாய் பிடிக்கக் கற்றுத் தருகிறீர்களா?" என்று கேட்டார். முதல் பருவம் முழுதும் சுக்கானைத் தொடவே விடவில்லை. பக்கவாட்டில் நீளும் பலகையில் உட்கார்ந்து காற்றுக்கு எதிராக உடம்பைச் சாய்ப்பதுதான் வேலை. நனைந்து, உப்புப் பூத்து, தொடையெல்லாம் சிராய்ப்போடு வருவார். முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி! மேலேயிருந்து பார்த்துப் பார்த்துத் தெரியும் என்று நினைத்திருந்த தீடைகள் பருவத்துக்குப் பருவம் இடம் மாறும் என்பதைச் சம்மாட்டிதான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தார். வாடைக் காற்றில் வடகடல் எப்படி, கச்சான் காற்றில் தென்கடல் எப்படி, எந்த நேரத்தில் கொண்டல் காற்று திரும்பும் என்று பள்ளிப் பிள்ளை மாதிரி கேட்டுக் குறித்துக்கொள்வார்.

அந்தக் குறிப்புகள்தான் எனக்குப் பெரிய சொத்து. விமானிகள் ஒவ்வொரு பயணத்தையும் லாக் புக்கில் எழுத வேண்டும் அல்லவா? தேதி, விமானம், புறப்பட்ட ஊர், சேர்ந்த ஊர், நேரம், குறிப்பு. ஓய்வுக்குப் பிறகும் அதே கட்டங்களில் எழுதியிருக்கிறார். விமானம் என்ற இடத்தில் 'வத்தை'. மண்டபத்திலிருந்து தேவிபட்டினம், தேவிபட்டினத்திலிருந்து தொண்டி. ஒரு பக்கத்தில் புறப்பட்ட நேரமும் இல்லை, சேர்ந்த நேரமும் இல்லை. குறிப்பில் மட்டும் அவருடைய சின்னச் சின்ன எழுத்தில், "சம்மாட்டி மறுத்தார். ஆலாப் பறவைகள் பறக்காமல் கரையில். கேட்டுக்கொண்டேன்." போகாத பயணத்துக்கும் ஒரு வரி கொடுத்திருக்கிறார், பார்த்தாயா?

2025 ஏப்ரலில் புதிய பாலம் திறந்தபோது நாற்காலி போட்டுக் கரையில் உட்கார வைத்தோம். 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பாலம் அப்படியே நேராக 17 மீட்டர் உயரத்துக்கு எழும்புவதைப் பார்த்து, "அப்பா இதைப் பார்த்திருந்தால் தன் கையை ஒரு முறை பார்த்துக்கொண்டிருப்பார்" என்றார். அதற்குப் பிறகு வெளியே அதிகம் வரவில்லை.

லாக் புக்குகளைத் தபாலில் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. நீ வந்து எடுத்துக்கொண்டு போ. டகோட்டாத் துண்டும் பெட்டியில் இருக்கிறது, அது பேரனுக்கு. மாசி, பங்குனியில் வந்தால் கடல் அமைதியாக இருக்கும். பிள்ளையை வத்தையில் அழைத்துப் போவதாகச் சம்மாட்டி அவராகவே சொல்லியிருக்கிறார். அதற்கு முன்னால் அவனை நீச்சல் வகுப்பில் சேர்த்துவிடு. மாமா இருந்திருந்தால் முதலில் அதைத்தான் கேட்டிருப்பார். மாப்பிள்ளைக்கும் எத்தனை நாள் விடுமுறை கிடைக்கும் என்று கேட்டு எழுது.

அன்புடன்,
அம்மா