ஒரு டெராபைட் போதும் என்பவர்களும் இருக்கிறோம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் சென்ற இதழின் தொழில்நுட்பப் பக்கத்தில், 500 கிகாபைட், ஒரு டெராபைட் அளவிலான சிறிய ஹார்டு டிஸ்க்குகள் கடைகளிலிருந்து மறைந்துவருவதைக் குறிப்பிட்ட கட்டுரையாளர், இதனால் யாருக்கும் எந்த இழப்பும் இல்லை என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டு, அடுத்த பத்தியில் புதிய கைப்பேசிகளின் கேமராவைப் புகழப் போய்விட்டார். அந்தக் கேமராக்கள் எடுத்துக் குவிக்கும் படங்களை எங்கே பத்திரப்படுத்துவது என்ற கேள்வி அவருக்கு எழவில்லை போலும்.

என்னிடமிருந்த 500 கிகாபைட் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் முதுமையின் அறிகுறிகளைக் காட்டத் தொடங்கியதும், அதே அளவில் இன்னொன்றைத் தேடி அலைந்தவன் நான். ஒரு விற்பனையாளர் தனி அடாப்டர் இல்லாமல் இயங்காத, மேசையில் வைக்கும் பெரிய ஹார்டு டிஸ்க்கை எடுத்து வைத்தார். இன்னொருவர் ஐந்து டெராபைட் டிஸ்க்கைக் காட்டி, "காலியாக இருந்தால் என்ன சார், கெட்டா போய்விடும்?" என்று கேட்டார். காலியிடம் கெடாது, டிஸ்க் கெடும். குடும்பத்தின் பழைய கடிதங்களை ஸ்கேன் செய்தவை ஒன்றில், படங்கள் ஒன்றில், கணக்கு வழக்குகள் ஒன்றில் எனப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நகல் எடுத்து, அந்த நகலைத் தங்கையின் வீட்டில் கொடுத்துவைப்பதுதான் என் வழக்கம். ஒன்று போனால் ஒன்றோடு போகும். மூன்று நகல், இருவகைச் சாதனம், ஒன்று வேறிடத்தில் என்ற விதியைத் தங்கள் இதழே ஆண்டுதோறும் மார்ச் 31 பேக்கப் தினத்தையொட்டி உபதேசிக்கிறது. அந்த விதிக்கு வேண்டியவை பல சிறிய டிஸ்க்குகள். அத்தனையையும் ஐந்து டெராபைட்டாக வாங்கச் சொல்வது, குறிப்பேடு கேட்டு வந்தவன் தலையில் அலமாரியைக் கட்டுவதாகும்.

சிறியவை ஏன் மறைகின்றன என்பது தாங்கள் அறியாததல்ல. கட்டுரையாளருக்குத்தான் அதைச் சொல்ல இடம் போதவில்லை. கொள்ளளவு எதுவாயினும் ஒரு ஹார்டு டிஸ்க்குக்கு மோட்டார், எழுது-படிப்பு முனை, தரவு பதியும் வட்டத் தட்டு குறைந்தது ஒன்று, மின்சுற்றுப் பலகை, உலோகக் கூடு ஆகியவை வேண்டும். 2.5 அங்குலத் தட்டு ஒன்றிலேயே ஒரு டெராபைட் அடங்கும் நிலை வந்தபின், பாதியாக விற்பதால் உற்பத்திச் செலவு பெரிதாகக் குறைவதில்லை. இந்த அளவு டிஸ்க்குகளைத் தாங்கி நின்ற மடிக்கணினிகளோ, சுழலும் தட்டுக்குப் பதில் மின்னணுச் சில்லுகளில் தரவை வைக்கும் எஸ்.எஸ்.டி.க்கு மாறிவிட்டன. 2010ஆம் ஆண்டில் உலகெங்கும் 65 கோடி அளவுக்கு விற்ற ஹார்டு டிஸ்க்குகள் அதன்பின் சரிந்துகொண்டேவர, எஞ்சியிருப்பவை சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்கள்தாம். அவற்றின் கவனமெல்லாம் தரவு மையங்கள் மொத்தமாக வாங்கும் பெரிய டிஸ்க்குகளின்மீது இருக்கிறது. வணிகக் கணக்கு எனக்கும் புரிகிறது. அதை "யாருக்கும் இழப்பில்லை" என்று வாசகனிடம் விற்பதுதான் புரியவில்லை.

எஸ்.எஸ்.டி. வாங்கிக்கொள்ளலாமே என்பது கட்டுரையாளரின் முதல் யோசனை. அன்றாட வேலைக்கு அது உத்தமம், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அது தரவை மின்னூட்டமாகப் பிடித்துவைக்கும் சாதனம். மின்சாரம் இன்றி அலமாரியில் கிடக்கும்போது அந்த ஊட்டம் மெல்லக் கசிகிறது. எழுதும் ஆயுள் முழுவதும் தீர்ந்துபோன ஒரு சாதாரண எஸ்.எஸ்.டி., 30 டிகிரி செல்சியஸில் மின்னிணைப்பின்றி ஓராண்டு தரவைக் காக்க வேண்டும் என்பதே, மின்னணுச் சில்லுகளுக்குத் தரநிலை வகுக்கும் ஜெடெக் அமைப்பின் தரக்கோரிக்கை. புதியது அதைவிட நீண்டகாலம் தாங்கும் என்பது உண்மைதான். ஆயினும் வைத்துவிட்டு மறந்துபோவதற்கு ஏற்ற பொருள் அது அன்று. ஹார்டு டிஸ்க்கும் சாகாவரம் பெற்றதன்று. ஆனால் பெரும்பாலும் கிடுகிடுத்து, முனகி, சில கோப்புகளைத் திறக்க மறுத்து, நமக்கு அவகாசம் கொடுத்துவிட்டுப் போகிறது.

இரண்டாவது யோசனை, இணையவழியே பிறர் கணினிகளில் சேமித்துவைக்கும் கிளவுட். வரம்பின்றிப் படங்களைச் சேமிக்கலாம் என்று அழைத்த கூகுள் போட்டோஸ், 2021 ஜூன் 1 முதல் அந்த இலவசத்தை நிறுத்தியது. ஈராண்டுகள் பயன்படுத்தாத கணக்குகளை அழிக்கும் விதி 2023 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. கணக்கின் உரிமையாளர் இறந்துவிட்டால் அந்த ஈராண்டுகள் எவ்வளவு விரைவில் ஓடிவிடும் என்பதைக் கட்டுரையாளர் எண்ணிப் பார்க்கட்டும். மடிக்கணினிகளிலிருந்து டிவிடி டிரைவைப் பிடுங்கியபோதும் இதே பக்கத்தில் இதே வரவேற்புதான் எழுதப்பட்டது. எழுதத்தக்க புளூ-ரே வட்டுகளின் தயாரிப்பைச் சோனி 2025 பிப்ரவரியில் நிறுத்தியதற்கும் எவரும் வருந்தியதாகத் தெரியவில்லை.

வேறு வழியின்றி இரண்டு டெராபைட்டில் ஒன்றை வாங்கினேன். முதல் நாள் நன்றாகவே ஓடியது. பின்னர் பழைய கோப்புறைகளை அழித்துவிட்டுச் சிறுசிறு படங்களாக மீண்டும் நிரப்பத் தொடங்கியதும், நொடிக்கு நூறு மெகாபைட்டைத் தாண்டிக் காட்டிய வேக அளவி பத்துக்கும் கீழே இறங்கி, பின் சுழியத்தில் நின்று, மீண்டும் தவழ்ந்தது. எஸ்.எம்.ஆர். எனப்படும் முறையில், தடங்கள் ஒன்றன்மீது ஒன்று சற்றே படியும்படி நெருக்கி எழுதப்படுவதால், ஒரு தடத்தை மாற்ற அதை அடுத்தவற்றையும் திரும்ப எழுத வேண்டியிருக்கிறது. இந்த முறையில் செய்த டிஸ்க்குகள் சிலவற்றை அந்த மூன்று நிறுவனங்களும் வெளிப்படையாக அறிவிக்காமலே விற்றுவந்தது 2020இல் அம்பலமானது. நான் வாங்கிய பெட்டியிலும் அதைப் பற்றி ஓர் எழுத்து இல்லை.

அதன் யூ.எஸ்.பி. துளை தளர்ந்தபோது, உள்ளிருக்கும் டிஸ்க்கை வேறு கூட்டுக்கு மாற்றலாம் என்று நெம்பித் திறந்தேன். முன்பெல்லாம் அங்கே, எந்தக் கணினியிலும் கூட்டிலும் பொருத்தத்தக்க சாட்டா என்ற பொது இணைப்பும், கையால் கழற்றத்தக்க சிறு பலகையும் இருக்கும். இதில் யூ.எஸ்.பி. துளையே டிஸ்க்கின் மின்சுற்றுப் பலகைமீது பற்றவைக்கப்பட்டிருந்தது. தரவெல்லாம் உள்ளே நலமாக இருக்க, வாசல் மட்டும் உடைந்து நிற்கிறது. திறந்து கொடுக்க மீட்பு நிறுவனங்கள் கேட்கும் தொகையில் புதிய டிஸ்க்குகள் பல வாங்கலாம்.

என் வேண்டுகோள் சிறியது. தங்கள் இதழில் வரும் ஹார்டு டிஸ்க் மதிப்பீட்டு அட்டவணையில் நிறத்துக்கும் எடைக்கும் தனிப் பத்திகள் ஒதுக்குகிறீர்கள். அவற்றுள் ஒன்றை நீக்கிவிட்டு, எஸ்.எம்.ஆர். முறையா அல்லவா, யூ.எஸ்.பி. பலகை கழற்றத்தக்கதா, அந்த வரிசையில் கிடைக்கும் மிகக் குறைந்த கொள்ளளவு எது என்ற மூன்று விவரங்களைச் சேர்த்தால் போதும்.

ஒரு டெராபைட் என்று அச்சிட்ட டிஸ்க் கணினித் திரையில் 931 கிகாபைட்டாகச் சுருங்குவது குறித்து முன்பு நான் எழுதிய நீண்ட கடிதத்தை, "கட்டுரை அருமை" என்ற முதல் வரியோடு மட்டும் வெளியிட்டுப் பெருமைப்படுத்தினீர்கள். இம்முறை அத்தகைய வரி எதுவும் இதில் இல்லை. இடம் கருதிச் சுருக்குவதாயின், என் வீட்டுக் கதைகளைத் தாராளமாக வெட்டிவிடுங்கள். அட்டவணை பற்றிய பகுதியை மட்டும் விட்டுவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்